மழைக்காரர், மௌனக்காரர், பேச்சுக்காரர்

வாடகை நூலகத்தில் புத்தகம் திரும்பி வரத் தாமதமாகலாம். அதைப் பற்றிய அபிப்பிராயம் ஒருநாளும் தாமதமாவதில்லை. மேசைக்குப் பின்னால் அமர்ந்து, பிறருடைய ரசனையைக் கேட்டுத் தலையசைத்துப் பழகிய சக நூலகர்களான நீங்கள் இதற்குச் சாட்சி சொல்வீர்கள்.

ஒரே ஆள், மூன்று கை

ராஜா அண்ணாமலைபுரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் எங்கள் நூலகம் இருக்கிறது. சென்ற ஆண்டு கட்டட உரிமையாளர், மருமகனின் செல்போன் பழுதுபார்க்கும் கடைக்காக அறையில் பாதியைத் திரும்பக் கேட்டார். நாவல்களை நெருக்கி அடுக்கிவிட்டேன். 'நீலப்பருந்து' சித்திரக்கதை மட்டும் மூன்று தட்டுகளை அடைத்திருந்தது. ஒரு தட்டுக்குத்தான் இடம் எஞ்சியது.

நீலப்பருந்து என்பவன் பல ஆண்டுகளாக மாதந்தோறும் வரும் பறக்கும் வீரன். இதுவரை மூவர் அவனை எழுதி வரைந்திருக்கிறார்கள். முதலாமவர் மழை பெய்யாமல் ஒரு கதையையும் முடித்ததில்லை. இரண்டாமவர் பன்னிரண்டு இதழ்கள் மட்டுமே செய்தார். அவற்றில் ஒரு சொல்கூடக் கிடையாது, எல்லாம் படமே. மூன்றாமவர் அந்த மௌனத்துக்கும் சேர்த்து வீரனைப் பேசவைக்கிறார். மழைக்காரர், மௌனக்காரர், பேச்சுக்காரர் என்பவை வாசகர்கள் இட்ட பெயர்கள். யாரை வைத்துக்கொள்வது என்று நான் தயங்கியதைக் கண்ட உரிமையாளர் சொன்னார்: "மூணுலயும் அதே ஆளுதானே பறக்கிறான் மேடம், ஏதோ ஒண்ணை வெச்சிக்கங்களேன்."

கொடியில் துணி

மழைக்காரர் கட்சிக்குத் தலைவர் மயிலாப்பூர் ஆடிட்டர் ஒருவர். பன்னிரண்டு இதழ்களை ஒரு தொகுதியாகப் பைண்டு செய்வது எங்கள் வழக்கம். மழைக்காரர் அப்படியொரு தொகுதியின் நடுவிலேயே விலகிவிட்டார். வீரன் இறக்கை ஒடிந்து, கொட்டும் மழையில், பாலத்திலிருந்து ஒரு கையால் தொங்குவதுதான் அவர் வரைந்த கடைசிப் பக்கம். கதையை முடித்தவர் மௌனக்காரர். ஆடிட்டர் அந்த முடிவை அங்கீகரிக்கவில்லை. தொகுதியின் பின்பாதிக்கு ரப்பர் பேண்டு போட்டு எடுத்துச் செல்வார். போட்டபடியே திருப்பித் தருவார்.

சொல்லே இல்லாத கதையைப் புரட்டிப் பார்ப்பதில் என்ன நஷ்டம் என்று ஒருமுறை கேட்டேன். அவர் மழையைப் பற்றியே பதில் சொன்னார்: "மழைன்னா அது மழை, மாமி. அவர் பக்கத்தைப் பிரிச்சு வெச்சா, எங்காத்துல கொடியில காயற துணிய எடுத்துண்டு வந்துடுவா."

நாற்பது சேலை

பேச்சுக்காரருக்கு ஆதரவு, தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரரிடமிருந்து வந்தது. அவரும் ஆடிட்டரும் ஒரே சனிக்கிழமையில் வந்துவிட்டால் நான் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிடுவேன்.

"குத்தறதுக்கு முன்னால நாலு பக்கம் பேசினா எதிராளி ஓடிப்போயிட மாட்டானோ, அண்ணாச்சி?" என்றார் ஆடிட்டர்.

"ஓடட்டுமே சாமி. நம்ம கடைக்கு வாரவங்க நாப்பது சேலையப் பிரிச்சுப் பேசிட்டு, எடுக்காமப் போறதில்லையா? பேச்சுதான் யாவாரமே."

நோட்டுப் புத்தகம்

வாக்கெடுப்பு நடத்தினேன். வாய்மொழி வாக்கு மறுநாளே மாறக்கூடியது என்பதால், உறுப்பினர்கள் நோட்டில் எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்பது என் விதி. மழைக்காரர் இரண்டு வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மௌனக்காரர் பெயரை ஒருவரும் எழுதவில்லை. அவருடைய பன்னிரண்டு இதழ்களில் ஆறு மழைக்காரரின் கடைசித் தொகுதியிலும், ஆறு பேச்சுக்காரரின் முதல் தொகுதியிலும் தைக்கப்பட்டிருந்தன. அவற்றை அறுத்தெடுக்கப் பைண்டரை வரவழைத்தேன்.

கட்டடத்தின் மாடிப்படிகளைப் பெருக்கும் மல்லிகா அப்போது உள்ளே இருந்தார். ஆற்றங்கரைக் குடியிருப்பிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றப்பட்ட பிறகும் பஸ் பிடித்து வேலைக்கு வருபவர். ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் இடையே நூலகத்தில் அமர்ந்து எதையாவது புரட்டுவார். எதை என்று நான் கவனித்ததில்லை.

"இன்னாம்மா, இத்தையா அறுக்கப் போறீங்க?"

"நோட்டில் யாரும் இவருக்கு எழுதவில்லை, மல்லிகா."

"நோட்டுல எழுதத் தெரிஞ்சா நான் ஏன் இத்தப் படிக்கிறேன்?"

பைண்டர் கத்தியைக் கீழே வைத்தார். மல்லிகா தொகுதியை மேசையிலிருந்து எடுத்து, விரிந்திருந்த பக்கத்தை மூடினார். "மத்தவங்கள்து எல்லாம் படிச்சுக் காட்ட ஒரு ஆளு வேணும்மா. இவரு ஒருத்தருதான் என்னை நம்பி உட்டுகீறாரு."

பாலம்

அந்த இரண்டு தொகுதிகளும் முதலில் தட்டேறின. மீதி இடத்தை, வாக்கின்படி, மழைக்காரருக்குக் கொடுத்தேன். பேச்சுக்காரரை அண்ணாச்சி தம் கடைக்கு எடுத்துச் சென்று, சேலை எடுப்பவர்களின் கணவன்மார் காத்திருக்கும் நாற்காலிகளின் அருகே வைத்திருக்கிறார். அவர்கள் நான்கு பக்கப் பேச்சைக் குறையாகக் கருதவில்லை என்று கேள்வி.

ஆடிட்டர் மட்டும் ஆட்சேபித்தார். "ஒரு ஓட்டும் வாங்காதவருக்கு முதல் இடமா, மாமி?" வாக்கெடுப்பு நடத்தியதில் தவறு என்னுடையது என்றேன். துடைப்பத்தைச் சுவரில் சாத்திய மல்லிகா, "பாலத்தைத் தாண்டி ரெண்டு பக்கம் பாத்துட்டு வந்து பேசுங்க சார்" என்றார். ஆடிட்டர் அவரையும் என்னையும் பார்த்தார். பிறகு அந்தத் தொகுதியைத் தட்டிலிருந்து எடுத்து, பின்பாதிக்குத் தாம் போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றினார். அது இற்றுப்போய் இரண்டு துண்டாக வந்தது. நின்றபடியே பின்பாதி முழுவதையும் புரட்டினார். வீரன் என்ன ஆனான் என்பதைச் சொல்வது எங்கள் தொழில் தர்மத்துக்கு விரோதம். முடித்ததும், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆடிட்டர் சொன்னார்: "இத்தனை வருஷமா நான்தான் அவனைத் தொங்க விட்டிருக்கேன், மாமி."

மூவரில் யார் சிறந்தவர் என்பதை எங்கள் நூலகம் இன்னும் தீர்மானிக்கவில்லை. ஆனால் யாருடைய பக்கத்துக்கும் ரப்பர் பேண்டு போடக் கூடாது என்று ஒரு விதி செய்து, அதை எழுதி ஒட்டாமல் வருகிறவர்களிடம் வாயாலேயே சொல்லிவருகிறேன்.