வாளித் தண்ணீர்

படகு இன்ஜின் சூடானால் முதலில் புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். ஆற்றுத் தண்ணீர் படகின் அடியிலிருந்து ஏறி, இன்ஜினைச் சுற்றிவிட்டு, புகையோடு பின்பக்கம் கொட்டும். கொட்டுவது குறைந்தால், ஏறுவது குறைகிறது என்று அர்த்தம். இது தெரிந்ததால்தான் எனக்குச் சோறு.

அப்போது காவிரியில் ஒரு பாலம் கட்டும் வேலையில் இருந்தேன். ஆட்களையும் சாமானையும் ஏற்ற ஒரு இரும்புப் படகு. நடுப் பலகையைத் தூக்கினால் டீசல் இன்ஜின். ஓட்ட ஒரு தம்பி, இன்ஜின் பார்க்க நான்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் வேலை இல்லை. தண்ணீர் கரை முட்ட ஓடியது. காலையில் ஒரு பெரியவர் வந்து நின்றார். திருவெள்ளறைப் பக்கம் விவசாயி. முந்தின நாள் அம்மா மண்டபத்தில் குளிக்க இறங்கிய அவர் மகனை ஆறு இழுத்துக்கொண்டு போயிருந்தது. தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகில் மேலே தேடிக்கொண்டிருந்தார்கள். ஆறு ஓடும் பக்கம் கீழே தேட ஆள் பத்தவில்லை.

"உசுரோட கேக்கலீங்க. அவங்க அம்மா முகத்தைப் பாக்கணுங்குறா. இன்னிக்குள்ள கிடைச்சாத்தான் முகம் முகமா இருக்குமாம்."

அந்த அம்மா கரைப் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பையனின் செருப்பு.

"கிளப்புண்ணே," என்றான் ஓட்டுகிற தம்பி. பெரியவரும் ஏறிக்கொண்டார்.

கரையோரமாகவே கீழே போனோம். புதர் புதராக நின்று பார்த்தோம். பொழுது சாயத் தொடங்கியபோது இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பின்னால் கொட்டும் தண்ணீர் நூலாகிவிட்டது. அணைக்கச் சொன்னேன். ஒரு மரத்தில் கயிற்றைக் கட்டினோம்.

"ஆறு பூரா தண்ணி ஓடுது. உன் இன்ஜினுக்கு மட்டும் நாக்கு வறளுதாண்ணே?" என்றான் தம்பி.

அடி வால்வை மூடி, ஏறும் தண்ணீரை வடிகட்டும் சல்லடையைத் திறந்தேன். முந்தின நாள் ஊரே ஆற்றில் விட்டது அதற்குள் இருந்தது. தாலிக் கயிறு மாற்றியவர்களின் பழைய மஞ்சள் கயிறு. புதுசாகக் கல்யாணமானவர்கள் விட்ட மாலையின் நார். கை நிறைய வந்தது.

"ஊர்க் கல்யாணமெல்லாம் உனக்குள்ளதான் நடந்திருக்கு போல," என்று தம்பி இன்ஜினைத் தட்டினான். பெரியவர் என் கையிலிருந்த மாலை நாரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகனுக்குக் கல்யாணமாகவில்லை. தம்பி வாளியை எடுத்துப் படகுக்குள் தேங்கிய தண்ணீரை இறைக்கப் போனான்.

மறுபடி கிளப்பினேன். தண்ணீர் அப்போதும் நூல்தான். முள் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. அணைத்துவிட்டுப் பம்ப் மூடியைக் கழற்றினேன். உள்ளே சுற்றுகிற ரப்பர் சக்கரத்தில் இதழ்கள் பிய்ந்திருந்தன. அடைப்பினால் தண்ணீர் இல்லாமல் சுற்றியிருக்கிறது. வேறு சக்கரம் பெட்டியில் இருந்தது. பிய்ந்த துண்டுகளைக் குழாயிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குள் இன்ஜினும் ஆற வேண்டும்.

"எவ்வளவு நேரமாகுங்க?"

"சூடு தானா இறங்கணுங்க."

அவர் ஆற்றைப் பார்த்தார். கீழே கொஞ்ச தூரத்தில், கரையை விட்டுத் தள்ளி ஆற்றுக்குள் ஒரு கோரைத் திட்டு தெரிந்தது. ஆற்றில் மிதந்து வந்த குப்பையெல்லாம் அதில் ஒதுங்கிக் கிடந்தது. அடுத்து அங்கேதான் போகவிருந்தோம்.

நான் குனிந்து குழாய்க்குள் கம்பி விட்டுக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் தண்ணீர் விழும் சத்தம். ஆவி முகத்தில் அடித்தது. அதற்குள்ளேயே 'டிக்' என்று ஒரு சத்தம். சின்ன சத்தம்தான்.

"யோவ்! என்னய்யா பண்ணுற?" தம்பி கத்தினான்.

பெரியவர் கையில் வெறும் வாளி. "எங்க மோட்டார் கொட்டகையில சூடானா இப்படித்தாங்க ஊத்துவோம். சட்டுனு ஆறிடும்."

அவர் சொன்னது பொய்யில்லை. எல்லாக் கொட்டகையிலும் அப்படித்தான் ஊற்றுகிறார்கள். தண்ணீர் இறைக்கிற இன்ஜின் மெதுவாக ஓடும். அந்த அளவு காயாது. தப்பித்துவிடும்.

சக்கரத்தை மாட்டினேன். துண்டுகளை எடுத்தேன். கிளப்பியதும் பின்னால் தண்ணீர் நன்றாகக் கொட்டியது. கூடவே வெள்ளைப் புகை. ஆயில் அளவு பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தேன். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசல் விட்டு, தண்ணீர் ஆயிலில் இறங்கிவிட்டது. அணைத்தேன்.

"அந்தக் கோரை வரைக்கும் மட்டும் போயிடலாங்க," என்றார்.

"ஓடாதுங்க."

"நான் இறங்கி நடந்து போறேன்."

"ஆளை மூழ்கடிக்கிற ஆழங்க."

கயிற்றைப் பிடித்து இழுத்துப் படகைக் கரை சேர்த்தோம். தம்பி தீயணைப்புக்காரர்களிடம் ஓடினான். அவர்கள் மேலேயிருந்து வருவதற்குள் இருட்டிவிட்டது.

மறுநாள் காலையில் மீன் பிடிக்கிறவர்கள் பார்த்தார்கள். அதே கோரையில்தான். அந்த அம்மாவை முகத்துக்குப் பக்கத்தில் விடவில்லை. துணியைக் கீழ்ப்பக்கம் மட்டும் விலக்கினார்கள். அவர் காலைத் தொட்டுப் பார்த்து, "இவன்தான்" என்றார்.

காரியமெல்லாம் முடிந்தபின் பெரியவர் தனியாக வந்தார், தலையை மழித்திருந்தார். நான் ஹெட்டைக் கழற்றிக் கரையில் சாக்கின் மேல் வைத்திருந்தேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"இதாங்களா?"

"ஆமாங்க."

"நான் ஊத்துனதாலயா?"

"பழைய இன்ஜினுங்க. முன்னாடியே விரிசல் விட்டிருக்கும்."

அவர் மண்ணெண்ணெய்த் துணியை எடுத்து, வால்வுகளுக்கு நடுவே இருந்த விரிசல் கோட்டைத் துடைத்தார். வெயிலுக்குச் சாய்த்துப் பார்த்தார். காலமெல்லாம் கொட்டகை இன்ஜினோடு கிடந்தவர்.

"விரிசலுக்குள்ள கரி ஏறலீங்களே. புதுசா விட்டதுங்க இது."



துணியை மடித்து ஹெட்டின் மேல் வைத்தார். எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"அவளுக்கு இன்ஜின் தானா நின்னுபோச்சுன்னுதான் தெரியும். யாராச்சும் கேட்டா நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"சரிங்க."

பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனார். யாரும் வந்து கேட்கவில்லை.