நைனாவின் குளுக்கோஸ் பாட்டில்

திருப்பதி சர்வீஸ் சென்டரில் இன்று என் காரின் பானெட்டைத் திறந்தபோது சூடான ரப்பர் வாசனை வந்தது. உடனே மனசு சின்ன வயதின் புத்தூர் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடைகள். அன்று புளியமரத்தடியில் வந்து பானெட்டைத் திறந்து நிற்கும், நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவின் அம்பாசிடர், ரேடியேட்டரில் சூடேறிப் பொங்கும் தண்ணீரை மெல்லிய குழாய் வழியே, பக்கத்தில் கம்பியால் கட்டிய குளுக்கோஸ் பாட்டிலுக்கு அனுப்பிவிட்டு, ஆற ஆற அதையே களக் களக்கென்று திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டபடிதான் தினமும் வீட்டுப்பாடம் எழுதுவேன்.

“உங்க காருக்கு ஜொரமாடி?” என்று பள்ளித் தோழிகள் ஒருநாள் சிரித்தார்கள்.

மறுநாள் வண்டி வந்து நின்றதும், அவர்கள் பார்ப்பதற்குள் பாட்டிலைக் கழற்றி ஒளித்தேன். இருட்டுகிற நேரத்தில் தண்ணீரோடு அப்படியே மாட்டிவிட்டேன். அதற்குள் அந்தரத்தில் தொங்கிய குழாய் வழியே ரேடியேட்டர் வெறும் காற்றை உறிஞ்சியிருந்தது எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் பலமனேர் மலைப்பாதையில் வண்டி கொதித்தது. மூடியைத் திறந்த நைனாவின் கை வெந்துபோனது.

“பாட்டில் ரொம்பி கீதேன்னு உள்ள பாக்காத உட்டுட்டேன். என் தப்புதான்” என்றார் அம்மாவிடம். பாட்டிலைக் கழற்றியதைச் சொல்லாமல் வீட்டுப்பாட நோட்டை விரித்தேன்.

இன்று மெக்கானிக் ரேடியேட்டர் பக்கத்திலிருந்த கூலன்ட் டப்பாவைக் காட்டி, “ஃபுல் உந்தி மேடம்” என்று தெலுங்கில் சொன்னான், நிறைய இருக்கிறதாம்.

கூட வந்திருந்த நைனா, தழும்பேறிய கையை என் தோளில் வைத்தார்.

“டப்பாவ நம்பாத கண்ணு. நா ஒருவாட்டி நம்பிட்டேன்.”