கேள்வி கேட்கத் தூக்கிய கை

புனேயில் ஐ.டி. வேலை, பதினான்காவது மாடியில் வீடு. ஆனாலும் எங்கள் இடம் இன்னும் கிராமப் பஞ்சாயத்துதான். இன்று முதல்முறையாகக் கிராம சபைக் கூட்டத்துக்கு வந்திருக்கிறேன்.

கடந்த ஓராண்டில் செய்த வேலைகளைப் பஞ்சாயத்துச் செயலர் மராத்தியில் கடகடவென்று வாசித்தார். பாதி புரியவில்லை. திடீரென்று எங்கள் தெருப் பெயர் வந்தது.

"ரஸ்தா பூர்ண ஜாலா."

சாலை முடிந்துவிட்டதாம்! அந்தச் சாலையில்தான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தேன். முழங்கால் வரை சேறு.

இருப்புக்கொள்ளவில்லை. அவர் வாசித்து முடித்து ஏதோ கேட்டதும் சட்டென்று கையைத் தூக்கினேன்.

"வாஹ், மேடம்!" என்று பாராட்டினார் பஞ்சாயத்துத் தலைவரான சர்பஞ்ச். கூட்டமே கைதட்டியது.

பக்கத்தில் இருந்த செல்வி அக்கா புனேயிலேயே பிறந்து வளர்ந்தவர். "என்னக்கா நடக்குது?" என்றேன்.

"அறிக்கையை யார் வழிமொழியறீங்கன்னு கேட்டாங்க. நீ கை தூக்கிட்ட. பேரு கேட்டாங்க, நான்தான் சொன்னேன்."

"ஐயோ! நான் ரோட்டைப் பத்திக் கேக்கத்தான் தூக்கினேன்!"

"அட, ஜானே தோ, விட்டுத் தள்ளு. சாய் வருது, குடி."

'வழிமொழிந்ததை வாபஸ் வாங்குகிறேன்' என்பதை மராத்தியில் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். காலில் இருக்கும் சேறு காய்ந்து உதிர்வதற்குள் எழுந்து நின்றாக வேண்டும்.