யூருன் கண்டதும் யூருன் சேர்த்ததும்

ஜூன் மாதம், வியாழக்கிழமை. காலை முதல் நடைக்குக் கார்கள் வரிசையில் வந்து நிற்பதற்குள் யூருன் என் கையைப் பிடித்து ஃபெர்ரிக் கப்பலின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"எனக்கு ஒண்ணு தெரிஞ்சிருக்கு. ஆனா உங்கிட்ட சொல்ல மாட்டேன்."

"அப்புறம் எதுக்குடி என்னை இழுத்துட்டு வந்தே?"

"சொல்லாம இருக்க முடியுதான்னு பாக்கறேன். பக்கத்துலயே நில்லு."

இருபது வருஷமாக நாங்கள் இருவரும் அந்த ஃபெர்ரியின் கார் தளத்தில் வேலை பார்க்கிறோம். காற்று எவ்வளவு அடித்தாலும் அவள் குரல் கடைசி லாரி டிரைவர் வரைக்கும் கேட்கும். மனதில் ஒன்றைப் பூட்டி வைப்பது அவள் பிறவியிலேயே இல்லாத பழக்கம். அன்று நான்கு நடை போய் வந்தோம். அவள் வாயைத் திறக்கவில்லை. எனக்குத்தான் பயமாகிவிட்டது.

அவள் வாயைத் திறக்கப் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால், எங்கள் தீவின் ஜெப வீட்டில் ஞாயிறு கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, "இங்கே ஒருத்தர் தன் மனைவிக்குத் துரோகம் பண்றார், ஆண்டவர் எனக்குக் காட்டினார்" என்று சொல்லிவிட்டாள். பெயர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கெட்டிருக்காது. எல்லார் கண்ணும் மாக்னார் பக்கம் திரும்பியது. கடல் நடுவே எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை, மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டான், அது போதுமே. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் மனைவி அக்கா வீட்டில் போய் இருந்தாள். யூருன் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்ட மாக்னார், "நீ சொன்னது ஒரே நிமிஷம். நான் ஒவ்வொரு தடவை கடைக்குப் போறப்பவும் அதைச் சுமந்துட்டுப் போறேன்" என்றான். அவன் அதற்குப் பிறகு ஜெப வீட்டுப் பக்கமே வரவில்லை. யூருனும் கூட்டத்தில் வாய் திறப்பதை விட்டுவிட்டாள்.

அந்த வியாழக்கிழமை என்ன நடந்தது என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. விடியலில் சமையலறை மேஜையில் ஜெபித்துக்கொண்டிருந்தவளுக்கு ஓட்வின் தெரிந்தான். ஜெப வீட்டுக்குச் சொந்தமான பழைய மரப்படகை ஓட்டுகிறவன் அவன், பள்ளிக்கூடத்தில் இவளோடு ஒரே பெஞ்சு. எஞ்சின் பக்கத்தில் குந்தியிருக்கிறான், இடது கையால் இடது காதைப் பொத்தியிருக்கிறான், முகம் சாம்பலாக இருக்கிறது. அவ்வளவுதான். சனிக்கிழமை அந்தப் படகில்தான் முப்பத்திரண்டு பிள்ளைகள் வெளித்தீவில் நடக்கும் கோடை முகாமுக்குப் போக வேண்டும்! படகு மூழ்கப் போகிறது, எஞ்சின் வெடிக்கப் போகிறது என்று இவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. எல்லாப் பெற்றோருக்கும் போன் போட்டுவிடலாம் என்று எடுத்தும்விட்டாள். அப்போது மாக்னாரின் வாசல் ஞாபகம் வந்து, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வேலை முடிந்ததும் நேரே படகுத்துறைக்குப் போனாள். ஓட்வின் கைப்பிடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"ஓட்வின், உன் எஞ்சினைப் பாக்கணும்."

"கார் நிறுத்தறவளுக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரியாது. அதான் நீயும் கூட நின்னு பாருன்றேன். காலைல ஜெபத்துல ஒண்ணு மனசுல பட்டுது. ஆண்டவரா, என் பயமான்னு எனக்குத் தெரியல. தப்பா இருந்தா நல்லாத் திட்டு, வாங்கிக்கறேன்."

இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். டீசல் குழாய், பம்பு, படகின் அடியில் தேங்கும் தண்ணீரின் அளவு, உயிர்காப்பு அங்கிகள் எல்லாம் சரியாக இருந்தன. ஓட்வின் ஸ்பானரைத் தட்டிக்கொண்டே சிரித்தான்.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா? மாக்னார் ஒருத்தன் போதாதா உனக்கு?"

யூருன் மேலே ஏற ஏணியில் கால் வைத்தாள்.

"நில்லு. படகு மூழ்கற மாதிரி பாத்தியா?"

"இல்ல. அது நானா சேர்த்தது."

"அப்ப என்னதான் பாத்தே?"

கண்டதை மட்டும் சொன்னாள். எஞ்சின், குந்தியிருந்தது, இடது காது. ஓட்வின் ஸ்பானரைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான். ஏப்ரலிலிருந்து மூன்று தடவை அப்படி வந்திருக்கிறது. இடது காதில் இரைச்சல், உடனே உலகமே சுற்றும். கடைசியாக வந்தபோது இதே இடத்தில் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருபது நிமிஷம் கிடந்திருக்கிறான். மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. டாக்டர் எழுதிவிட்டால் படகு ஓட்டும் உரிமம் போய்விடும்.

அந்த நேரத்தில் தனக்கு முதலில் பொங்கியது இரக்கம் இல்லை என்று யூருன் பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டாள். "நிஜமாவே எனக்குக் காட்டியிருக்கார்னு ஒரே குதியாட்டம்டி உள்ளே. அவன் அழுதுட்டிருக்கான், நான் ஜெயிச்ச மாதிரி நிக்கறேன். வெக்கமாப் போச்சு."

"யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான் ஓட்வின்.

"ஜெப வீட்டுல சொல்ல மாட்டேன். தெருவுலயும் சொல்ல மாட்டேன். ஆனா சனிக்கிழமை நீ சுக்கானைப் பிடிச்சேன்னா, துறையில நின்னு கத்துவேன். அதுக்கு தரிசனம் எல்லாம் தேவையில்ல ஓட்வின். இப்ப நீ உன் வாயால சொன்னதே போதும்."

"மிரட்டறியா?"

"ஆமா. டாக்டர்கிட்ட போறதுன்னா கூட வரேன்."

"போ இங்கேர்ந்து!"

வெள்ளிக்கிழமை அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. யூருன் அன்றும் பேசவில்லை. மதியம் எனக்கு வாங்கி வைத்திருந்த அப்பத்தையும், அதன்மேல் வைத்திருந்த பழுப்புச் சீஸையும் சேர்த்து அவளே தின்றுவிட்டாள், தின்றது தெரியாமல்.

சனிக்கிழமை காலை துறையே கலகலத்தது! படுத்துத் தூங்கும் பைகள், தூண்டில்கள், கிட்டார், மாலை போடாத குறைதான். என் தங்கை மகளை வழியனுப்ப நானும் போயிருந்தேன். யூருன் மட்டும் இரண்டு கையையும் முஷ்டியாக மடக்கிக்கொண்டு படகுக்கு நேர் எதிரே நின்றாள். ஓட்வின் தொப்பி அணிந்து வந்தான். படகில் ஏறினான். யூருன் வாய் திறப்பதை நான் பார்த்தேன். அதற்குள் அவன் திரும்பி, கூட்டத்தில் நின்ற மீன்படகுக்காரி குன்வோரைப் பார்த்துச் சாவியை நீட்டினான்.

"குன்வோர், இன்னிக்கு நீ ஓட்டு. எனக்குத் தலை சுத்தற வியாதி. படகு ஓட்டக்கூடாதுன்னு நேத்து டாக்டர் சொல்லிட்டார்."

கூடவே ஏறியிருந்த அவன் மனைவி அவன் தோளைத் தொட்டாள், அவளுக்கு முந்தைய ராத்திரியே சொல்லியிருந்தான்.

"அப்ப நீ என்ன பண்ணப் போறே?" என்றாள் குன்வோர்.

"பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லித் தரேன்."

"ஐயோ, அதுக்கு படகு மூழ்கறதே மேல்!" என்று ஒரு பொண்ணு கத்த, துறை முழுக்கச் சிரிப்பு. படகு கிளம்பியது. யூருன் கையை ஆட்டிக்கொண்டே கரையோரமாக ஓடினாள், ஐம்பத்திரண்டு வயசில், குழந்தை மாதிரி. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்டேன், "நல்ல காத்து" என்று மட்டும் சொன்னாள்.

இலையுதிர் காலத்தில் ஓட்வின் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னான். ஒருத்தர் தன்னிடம் தனியாக வந்தார், தெரிந்ததைத் தெரியும் என்றார், தெரியாததைத் தெரியாது என்றார், அதனால்தான் தான் டாக்டரிடம் போனதாகச் சொன்னான். பெயர் சொல்லாதே என்று யூருன் அவனிடம் கெஞ்சியிருந்தாள். அவனும் சொல்லவில்லை, ஆனாலும் பலன் இல்லை. அவள் காது இரண்டும் பீட்ரூட்டாகச் சிவந்து அவளை எல்லாருக்கும் காட்டிக்கொடுத்துவிட்டன. அன்று மாலை நான் விடவில்லை, எல்லாவற்றையும் சொன்னாள்.

அதற்கு முன்னால், கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும்போது ஒரு பெண் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்காகவும் ஏதாவது தெரியுதா பாரேன் யூருன்" என்று ரகசியமாகக் கேட்டாள்.

"உன் காப்பி ஆறிட்டிருக்கு, அதுதான் தெரியுது" என்றாள் யூருன். "குடிச்சுட்டு வா. உன் மனசுல என்ன இருக்குன்னு நீ சொல்லு, சேர்ந்து ஜெபிக்கலாம்."