தலைகீழாகத் தெரிந்த அண்ணனின் விளம்பரம்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அண்ணனைப் பற்றி எழுதத் தகுந்தவர்கள் நம் உறவிலும் நட்பிலும் பலர் இருக்க, நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். இந்த நினைவு மலருக்காக அண்ணி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். பிழைகளைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது சோமனூரில். எங்கள் வீட்டில் விசைத்தறி ஓடிய காலம். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன் பள்ளியை விட்டுத் தறியில் நின்றார். என்னை மட்டும் பத்தாம் வகுப்பு வரை படிக்க வைத்தார். பிறகு கணபதியில் ஒரு மோட்டார் கம்பெனியில் சேர்ந்து தொழில் கற்றார். கல்யாணமான பின் அந்த வேலையை விட்டுவிட்டு, கணபதியிலேயே வாடகைக்கு இடம் பிடித்து, கிணற்று மோட்டார் செய்யும் பட்டறை போட்டார். உறவில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. செய்த மோட்டார்கள் அடுக்கியபடி இருந்தன; கேட்டு வர ஆள் இல்லை. ஆடி பிறப்பதற்குள் விற்காவிட்டால் பழைய வேலைக்கே திரும்பிவிடுவதாக அண்ணிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தச் சமயம் சோமனூர் தியேட்டரில் ஒரு படம் ஓடியது. ஒன்றுமில்லாத ஒருவன் பிடிவாதமாக முன்னேறிப் பெரிய தொழிலதிபர் ஆகிற கதை. அண்ணன் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். இடைவேளைக்குச் சற்று முன் கதாநாயகன் தன் முதல் மெஷினை வாங்குவான். "அம்மணி, அந்த எடத்துல சனங்களுக்கு நெஞ்சு நெமுந்து நிக்கும். ஒடனே நம்ம வெளம்பர சிலைடு வந்தா மறக்க மாட்டாங்க" என்றார் என்னிடம்.

அண்ணனின் நண்பரான பாய், கண்ணாடித் தகட்டில் மோட்டார் படமும் பட்டறைப் பெயரும் வரைந்து கொடுத்தார். சிலைடைத் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக விழும் என்பது அண்ணனுக்குத் தெரியாது. ஆபரேட்டர் அறைக்கே போய், படம் நேராக இருக்கும்படிதான் செருக வேண்டும் என்று கூட நின்று செருக வைத்தார். ஆபரேட்டர் ஏதோ சொல்ல வந்தாராம், அண்ணன் கேட்கவில்லை.

அன்று பகல் காட்சிக்கு அண்ணனோடு அண்ணியும் நானும் போயிருந்தோம். இடைவேளையில் திரையில் மோட்டார் தலைகீழாகத் தொங்கியது. பின்னாலிருந்து ஒருவர், "ஏனுங்க, இந்த மோட்டாரு மேல இருந்து கெணத்துக்குத் தண்ணி உடுமுங்களா?" என்றார். தியேட்டரே சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அண்ணன் எழுந்து நின்றார். "சிலைடுதானுங்க தலைகீழு. மோட்டாரு நேராத்தானுங்க ஓடும். கணபதியில பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால பட்டறைங்க. வந்து பாத்துப்போட்டு அப்பறஞ் சிரிங்க" என்றார்.

மறுபடியும் சிரித்தார்கள். இந்த முறை கைதட்டலும் சேர்ந்து வந்தது.

அந்த வாரமே ஒரு விவசாயி பட்டறை வாசலில் வந்து நின்றார். "தலைகீழ் மோட்டார் கம்பெனி இதுதானுங்களா? அன்னைக்கு நக்கலடிச்சது நாந்தானுங்க." அண்ணன் அவருக்குக் காப்பி வரவழைத்து, தொட்டித் தண்ணீரில் மோட்டாரை ஓட்டிக் காட்டினார். அவர் வாங்கிப் போனார். அவர் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். ஆடி பிறந்தபோது அண்ணன் வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். சிலைடைத் திருப்பிப் போடட்டுமா என்று தியேட்டரில் கேட்டதற்கு, அப்படியே கிடக்கட்டும் என்றாராம்.

படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் கதாநாயகன் மாளிகை வாங்கிவிடுவான். அண்ணனுக்குச் சொந்தக் கட்டடம் வரவே வருடங்கள் பிடித்தன. விற்ற மோட்டார் பழுதானால் தானே பஸ் ஏறிப் போய்ச் சரிசெய்வார். பட்டறை ஆட்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். வேலை நுணுக்கம் எல்லாவற்றையும் அண்ணிக்கும் சொல்லிக் கொடுத்தார்.

இருதய நோயால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த மோட்டாரைப் பற்றியே விசாரித்தார். அவருடைய பாக்குத்தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. அண்ணியிடம், "எனக்கு ஒண்ணுன்னாலும் பட்டறையச் சாத்திப்போடாத. உனக்குத் தெரியாத வேலையா?" என்றார். அதுவே கடைசிப் பேச்சு.

வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், ராப்பகலாகக் கூட இருந்த பட்டறைத் தம்பிகளுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், இந்த மலருக்கு அட்டை வரைந்து தந்த பாய்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனை அடக்கம் செய்த மறுநாள் காலையில் அண்ணி சாவியைக் கொடுத்தனுப்பினார். பட்டறை திறந்தது. மத்தியானம் மோட்டார் மேட்டுப்பாளையத்துக்குப் போனது.