கிளம்புவதற்கு மூன்று மாதம்

பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிய மறு வருஷம் காரைக்காலில் எல்லோருக்கும் காகிதம் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. பத்திரங்கள் பிரெஞ்சில் இருந்தன. புதிதாக வந்த அதிகாரிகளுக்குப் பிரெஞ்சு தெரியாது. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதற்கென்றே ஒரு ஏஜென்சி தொடங்கினார். ஊரே அவரை முசியே, அதாவது பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சரான என் மூலம் பழக்கமாகி, என் மகள் அவருக்கு மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தாள். சம்பளம் கிடையாது. வீட்டிலிருந்து எழுதுவது, தாளுக்குக் கூலி. ஐப்பசி மழையில் ஒரு தாள்கூட வரவில்லை. கேட்டால், "வந்தா அனுப்ப மாட்டேனா?" என்பார்.

அடுத்த ஆனியில் அவளுக்கு மாயவரத்தில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒரு வாரத்துக்குள் சேராவிட்டால் இடம் வேறொருத்திக்குப் போய்விடும். முசியேயோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். விலகுவதென்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டுமாம்.

வேலை கொடுத்த மனிதரிடம் வெறுங்கையோடு எப்படிப் போவது? வெற்றிலை, பாக்கு, பழம், கற்கண்டு எல்லாம் ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு மகளோடு போனேன். வயதுக்கு வந்த பெண்ணோடு தாய் தட்டேந்தி வந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"இவ கிளம்புறா முசியே. சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

"அட, நல்ல சேதி!" இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். "மூணு மாசமெல்லாம் எதுக்கு டீச்சரம்மா? நம்ம வீட்டுப் பொண்ணு. நாளைக்கே அனுப்புங்க. மாப்ள எந்த ஊரு?"

நான் மகளைப் பார்த்தேன்.

"மாப்ள இல்லீங்க, மாயவரம் ட்ரெயினிங் ஸ்கூலு" என்றாள் மகள்.

தட்டு மேசைக்கு இறங்கியது. "படிக்கவா? அப்ப மூணு மாசம்."

"இப்பதான் வேணாம்னீங்க?"

"அது கல்யாணத்துக்கு. கல்யாணத்தைத் தடுத்த பாவம் எனக்கெதுக்கு? படிப்பு அடுத்த வருஷமும் இருக்கும்."

"மழையில ஒரு தாளும் குடுக்கலியே. அதை மூணு மாசம் முந்தியே சொன்னீங்களா?"

"வேலையே வரலைன்னா நான் என்ன பண்றது? அப்ப நீ உன் இஷ்டத்துக்குத்தானே இருந்தே?"

"வேலை இல்லாதப்ப நான் உங்க ஆளு இல்ல. போறேன்னா மட்டும் உங்க ஆளா?"

"வக்கீலையே பெத்து வச்சிருக்கீங்க டீச்சரம்மா" என்று என் பக்கம் திரும்பினார். "ஒப்பந்தம் இன்னும் முடியலைன்னு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு கடுதாசி போட்டா போதும், தெரியும்ல?"

அவர் சொன்னதும் நியாயமாகப் பட்டது, அவள் சொன்னதும் நியாயமாகப் பட்டது. கடுதாசி போட்டால் இடம் போய்விடும் என்பது மட்டும்தான் எனக்கு விளங்கியது.

மகள் ஒப்பந்தத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். "எழுதித் தரணும்னுதான் இருக்கு. எங்க உக்காந்து எழுதணும்னு இல்லியே. பஸ்ஸுல குடுத்து அனுப்புங்க, மாயவரத்துலேருந்தே எழுதி அனுப்புறேன். மூணு மாசமும்."

முசியே அதை இரண்டு முறை படித்தார். "ஒரு தாள் பிந்தினாலும் கடுதாசி போட்டுருவேன்" என்றார்.

அவள் மாயவரம் போய்ப் பயிற்சியில் சேர்ந்தாள். எனக்குத்தான் நிம்மதி இல்லை. பூவம் வழியாக மாயவரம் போகும் பஸ் கிளம்பும் நேரமெல்லாம் போய் நிற்பேன். "முசியே கட்டு ஏதும் குடுத்தாரா?" என்று கண்டக்டரிடம் கேட்பேன். "இல்லீங்கம்மா" என்பார். தாள் வந்தால் அவள் படிப்பு கெடுமே என்று ஒரு பயம். வராவிட்டால், வேறு என்ன செய்யப்போகிறாரோ என்று அதைவிடப் பெரிய பயம். மூன்று மாதமும் ஒரு தாள்கூட வரவில்லை. ஆனால் ஏஜென்சியில் ஆட்கள் காகிதக் கட்டோடு காத்திருந்ததை நானே பார்த்தேன்.

தவணை முடிந்த மறுநாள் தாங்க முடியாமல் போய்க் கேட்டேன்.

"ஏன் முசியே ஒண்ணும் அனுப்பலை?"

அவருக்கு அது வருத்தமாகவே இருந்தது போலும். "போறேன்னு சொல்லிட்ட ஆளுக்கு எப்படிம்மா வேலை குடுக்கறது?"

"அப்ப எதுக்கு அந்த மூணு மாசம்?"

"ஒப்பந்தத்துல இருக்கே!"

"அப்ப இப்ப அவ போலாமா?"

"எங்க போறது டீச்சரம்மா?" என்றார் முசியே, என்னைவிடக் குழம்பியவராக. "அவதான் அப்பவே போயிட்டாளே!"