வள்ளியை அழைத்து வந்த பயணம்

நாற்பத்தொன்பதாம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, நானும் என் கணவரும் திருத்தணி ஸ்டேஷனில் அரக்கோணம் வண்டி ஏறினோம். பள்ளிப்பட்டில் பிறந்த நான் கல்யாணமாகி அவரோடு இலங்கைக்குப் போனவள். அட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேக்கணக்கு என்ற மேல் பிரிவில் இருவருக்கும் வேலை; லயம் என்கிற வரிசை வீடுகளில் ஓர் அறையில் குடியிருந்தோம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்க வந்தபோது, ஐந்து வயது மகள் வள்ளியை அங்கேயே என் அக்காவிடம் விட்டிருந்தோம். மாமியார் படுத்துவிட்டதால் திரும்புவது தள்ளிப்போயிற்று. அதற்குள், விசா இல்லாமல் யாரும் உள்ளே வரக்கூடாதென்று இலங்கையில் புதுச் சட்டம் வந்துவிட்டது.

பட்டணம் போய் எழும்பூரில் ரயில் மாறி, மறுநாள் மண்டபம் சேர்ந்தோம். கப்பலேறுகிறவர்களை அங்கே முகாமில் நிறுத்திவைப்பார்கள். முதல் தடவை அம்மை குத்தி, மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, ஒரு வாரத்தில் விட்டார்கள். இம்முறை அதிகாரி விசா கேட்டார். இல்லையென்றதும், வரும்வரை இருங்கள் என்று கம்பிவேலிக்குள் அனுப்பினார்.

வெளியே விடமாட்டார்கள். கடற்காற்றில் உட்கார்ந்து நான் தோட்டத்துக் காலைகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்: வாசலில் பனி, பால் விடாத சூடான சாயத் தண்ணி, குளிருக்கு என் கம்பளிக்குள் நுழைகிற வள்ளியின் சில்லென்ற கைகள்.

எங்கள் கொட்டகையில் முசிறிக்காரர் ஒருவர் இருந்தார். தொண்டியில் கள்ளத்தோணி ஏறி, மன்னார்க் கரையில் பிடிபட்டு, சிறையில் கிடந்து திரும்பியவர். தோணிக்காரன் கழுத்தளவு தண்ணீரில் இறக்கிவிட்டானாம். கூட வந்த இருவர் கரை சேரவில்லையாம். அதைக் கேட்டும் என் கணவர் தோணியில் போகிறேன் என்றார்.

“நீங்க மாட்டிகினா, நீங்க ஜெயில்ல, நான் இங்க, கொழந்த மலமேல. மூணு எடத்துலயா கெடக்கறது?” என்றேன். “அவள இங்க வரவெச்சிடலாம்.”

அங்கிருந்து வருகிறவர்களை யாரும் தடுக்கவில்லை. அவர் எழுந்து கம்பிவேலி வரை போய்த் திரும்பி வந்தார்.

“அவளும் வந்துட்டா, நாம திரும்பிப் போவ வழியே இல்லியே.”

“ஆங். இல்லதான்.”

கடுதாசி போட்டதும், ஊர் திரும்பிய பக்கத்து லயத்துக் குடும்பத்தோடு அக்கா அவளை அனுப்பினாள். நாங்கள் பயணம் வேண்டாமென்று எழுதிக்கொடுத்து, முகாமை விட்டு வந்து தனுஷ்கோடித் துறையில் காத்திருந்தோம். கப்பலிலிருந்து இறங்கிய வள்ளி இளைத்துப்போயிருந்தாள். என்னைப் பார்த்தும், கூட்டிவந்த அம்மாளின் கையை விடவில்லை. ரயிலில் பாம்பன் தாண்டியபிறகுதான் என் மடிக்கு வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மணவூர் வயல்களைக் கடந்து, அரக்கோணத்தில் மாறி, திருத்தணியில் இறங்கினோம். நேரே மலையேறினோம். மேலே நல்ல காற்று. வள்ளிக்கு அது பிடித்திருந்தது. பூக்காரி ஒருத்தி அவள் தலையில் கதம்பம் வைத்துவிட்டு, “எந்த ஊரு பாப்பா?” என்று கேட்டாள்.

“மேக்கணக்கு, மூணாவது லயம்” என்றாள் வள்ளி.

பூக்காரிக்குப் புரியவில்லை, எங்களைப் பார்த்தாள். பள்ளிப்பட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணவர்தான், “ஆமாங்க, அந்த ஊருதான்” என்றார்.